ஒப்படைப்பு

லினக்ஸ் கணினிகளில் பிடிஆர்எஃப்எஸ்-கன்வெர்ட் என்றொரு கருவி உண்டு. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் எழுதப்பட்டிருக்கும் வட்டை, பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பு முறைமைக்கு அது மாற்றித் தரும். வழக்கமாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் வட்டில் உள்ளதையெல்லாம் இன்னொரு வட்டுக்கு எடுத்துவைத்து, பழையதைத் துடைத்து, புதிய முறைமையை நிறுவி, பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இந்தக் கருவிக்கு இரண்டாவது வட்டு தேவையில்லை. கல்யாணப் படங்கள், வரவுசெலவுக் கணக்கு, பாதியில் நிற்கும் கதை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தப் பெயரில் கூப்பிட்டால் எது வரும், எது யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் ஏற்பாடு மட்டும் முழுக்க வேறாகிவிடும். வேலை முடிந்தபின் ஒரு கேள்வி கேட்கலாம்: இது அதே வட்டுதானா? கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆனால் உடலும் மனமும் கொள்கையும் மாறிக்கொண்டே வரும் ஒருவரை ‘அவரேதான்’ என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம் என்ற பழைய கேள்விக்கு இவ்வளவு துலக்கமான சோதனைக்களம் கிடைப்பது அரிது. இங்கே எது மாறியது, எது மாறவில்லை என்பதை பைட் கணக்கில் எண்ணிச் சொல்லிவிட முடியும்.

வட்டு என்பது எண்ணிட்ட கட்டங்களின் நீண்ட வரிசை. எக்ஸ்ட்4-இல் ஒரு கட்டம் பெரும்பாலும் 4096 பைட். ஒரு படம் ஆயிரம் கட்டங்களில் கிடக்கிறது என்றால், அந்த ஆயிரமும் எவை, எந்த வரிசையில் சேர வேண்டும் என்பது படத்துக்குத் தெரியாது. ஐநோட் என்ற சிறு பதிவுக்குத்தான் தெரியும். அந்த ஐநோட்டுக்கோ கோப்பின் பெயர் தெரியாது. பெயரைத் தனியாக அடைவு வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் வாசற்படியாக, வட்டுப் பகுதியின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி சூப்பர்பிளாக் என்ற தலைப்பதிவு இருக்கிறது. மாற்றும் கருவி இதையெல்லாம் படித்து, காலியாகக் கிடக்கும் இடங்களில் தன் புதிய பதிவேட்டை எழுதுகிறது. அந்தப் பதிவேடு பழைய கட்டங்களையே சுட்டுகிறது. புதிய முறைமை தனக்கென்று கட்டாயமாகக் கேட்கும் சில இடங்களில் இருந்த தரவு மட்டும் நகர்த்தப்படும். முடிவில் 64 கிலோபைட் தள்ளியுள்ள இடத்தில் புதிய தலைப்பதிவு எழுதப்படுகிறது. அதன்பின் வட்டு தன்னைப் பிடிஆர்எஃப்எஸ் என்று சொல்லிக்கொள்கிறது. பழைய முறைமையும் போய்விடவில்லை. எக்ஸ்ட்2_சேவ்டு என்ற ஓர் உட்பிரிவுக்குள், ஒற்றைக் கோப்பாக, அது முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோப்பும் புதிய கோப்புகளும் ஒரே கட்டங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே ஓலைக்கட்டு இரண்டு நூல்களாக ஒரே சமயத்தில் படிக்கக் கிடைப்பது போன்ற நிலை இது.

இது அதே வட்டா என்பதற்கு நம் தத்துவ மரபில் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கின்றன. சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொள்ளும் சற்காரியவாதத்தின்படி, விளைவு அதன் காரணத்துக்குள் ஏற்கெனவே உள்ளது. தயிர் பாலுக்குள் இருந்தது. வெளிப்பட்டது மட்டுமே புதிது. இப்படிப் பார்ப்பவர், கட்டங்கள் அசையவில்லை, ஆகவே வட்டு அதேதான் என்பார். நியாய வைசேடிகர் மறுப்பார்கள். மண்ணில் குடம் கிடையாது. குயவன் வனைந்தபோது முன்பில்லாத ஒன்று உண்டாயிற்று. மண்ணில் தண்ணீர் மொள்ள முடியாது, குடத்தில் முடியும். செய்யும் வேலை வேறென்றால் பொருளும் வேறு. இந்த வாதத்தின்படி எக்ஸ்ட்4 வட்டு ஒழிந்தது, பிடிஆர்எஃப்எஸ் வட்டு பிறந்தது. இரண்டு பதில்களும் நூற்றாண்டுகளாக மெருகேறியவை. ஆனால் இந்த வட்டின்முன் இரண்டுமே தடுமாறுகின்றன.

கட்டங்கள்தான் வட்டு என்றால் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். தரவைத் தொடாமல் பதிவேட்டை மட்டும் அழித்துவிடுவோம். படத்தின் ஆயிரம் கட்டங்களும் ஒரு பிட் குறையாமல் அப்படியேதான் கிடக்கின்றன. ஆனால் வட்டின் சொந்தக்காரர் தன் படங்கள் போய்விட்டன என்றுதான் சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை. தரவு மீட்பவர் கட்டம் கட்டமாகத் துழாவிச் சில படங்களை எடுத்துக் கொடுக்கலாம். அவையும் பெயரில்லாமல், தேதியில்லாமல், எந்த அடைவைச் சேர்ந்தவை என்ற உறவில்லாமல் வந்து நிற்கும். ஆக, மூலப்பொருள் தங்கியிருப்பது போதவில்லை. அமைப்புதான் வட்டு என்றால் அதுவும் நிற்காது. கன்வெர்ட் செய்தபின் பழைய அமைப்பின் ஒரு வரிகூடப் பயன்பாட்டில் இல்லை. இருந்தும் அதே பெயரைச் சொன்னால் அதே கடிதம் திறக்கிறது. யாரும் அதைப் புதுக் கடிதம் என்று சொல்வதில்லை. பழைய முறைமை சேமிப்பில் இருக்கும்வரை ஒரே கட்டங்கள் இரண்டு அமைப்புகளுக்கும் உரியவையாக இருக்கின்றன. பொருளையோ உருவத்தையோ எண்ணிப் பார்த்து ‘அதுவே’ என்ற சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மிலிந்தனின் கேள்விகள் என்ற பௌத்த நூலில், மிலிந்தன் என்ற அரசனுக்குத் துறவி நாகசேனர் வேறொரு வழி காட்டுகிறார். இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றே அல்ல, வேறும் அல்ல. தொடர்ச்சி மட்டும் உண்டு என்பது அதில் பலரும் அறிந்த உவமை. அதே நூலில் குறைவாகப் பேசப்படும் மாங்காய்த் திருடனின் உவமைதான் நமக்கு இன்னும் பயன்படும். தோட்டக்காரர் நட்டது ஒரு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு மாங்காய், ஆகவே நான் அவருடையதை எடுக்கவில்லை என்று திருடன் வாதிட்டால் அவனை விட்டுவிடலாமா என்று நாகசேனர் கேட்கிறார். விட முடியாது என்கிறான் அரசன். கொட்டை அழுகிப்போனது, மரம் வேறு, காய் வேறு. ஆனால் காய்க்காகப் பதில் சொல்ல வேண்டிய கடமை கொட்டையிலிருந்து காய்வரை அறுபடாமல் வருகிறது. சுடரின் தொடர்ச்சி கண்ணுக்குத் தெரிவது. மாங்காயின் தொடர்ச்சி பொறுப்பின் தொடர்ச்சி. என் வாதமும் இதுதான். ‘அதுவே’ என்பது ஒரு பொருளுக்குள் கிடக்கும் குணம் கிடையாது. அது ஓர் ஒப்படைப்பு. பழையதை நம்பி வைக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் புதியது பதில் சொல்லுமானால், அது அதுவே. சொல்லாவிட்டால், ஒரு கட்டம்கூட அசையாமல் இருந்தாலும் அது வேறு. அலுவலகத்தில் மாற்றலாகிப் போகிறவர் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பாரே, அந்தப் பொறுப்பு ஒப்படைப்பைத்தான் சொல்கிறேன். நாற்காலியும் அலமாரியும் அங்கேயேதான் இருக்கின்றன. அலுவலகம் தொடர்கிறது என்று நாம் நம்புவது அந்தப் பட்டியலை வைத்து.

ஒப்படைப்பு என்றால் முதல் நிபந்தனை, யாரும் பொறுப்பில் இல்லாத இடைவெளி ஒரு நொடிகூட இருக்கக் கூடாது என்பது. கோவில் திருப்பணியில் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். மூலவரின் சக்தியைக் கலாகர்ஷணம் செய்து அத்திப் பலகையில் வரைந்த உருவுக்கோ கும்பத்துக்கோ மாற்றி, பாலாலயத்தில் வைத்துப் பூசையை அங்கே தொடர்வார்கள். கருவறையில் வேலை முடிந்து குடமுழுக்கு நடக்கும்போது சக்தி திரும்ப வரும். இரண்டாவது வட்டில் நகலெடுத்து வைப்பவர் செய்வது இந்தப் பாலாலயம்தான். இருந்த இடத்திலேயே மாற்றுபவருக்கு அந்த வசதி இல்லாததால் அவர் வரிசையை நம்புகிறார்: புதிய பதிவேட்டைக் கடைசி வரி வரை எழுதி முடி, அதுவரை பழையதைத் தொடாதே, பிறகு ஒரே எழுத்தில் பொறுப்பை மாற்று. 2017 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10.3 புதுப்பிப்பின் வழியாகக் கோடிக்கணக்கான ஐபோன்களை, 1998 முதல் புழங்கிய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையிலிருந்து ஏபிஎஃப்எஸ்-க்கு இப்படித்தான் மாற்றியது. அதற்கு முந்தைய புதுப்பிப்புகளின்போதே பயனர் அறியாமல் ஒத்திகை நடந்தது: மாற்றிப் பார்த்து, சரியாக வந்ததா என்று சோதித்து, மாற்றியதைக் கைவிட்டுப் பழைய நிலையிலேயே விட்டுவிட்டார்கள். கையில் இருப்பது பிறருடைய பொருள் என்ற உணர்வு இருந்தால்தான் இப்படி ஒத்திகை பார்க்கத் தோன்றும்.

ஒப்படைப்பு நடந்ததா என்பதை எங்கே சோதிப்பது? பெயரில். அதே ஆப்பிள் மாற்றத்தில் தமிழுக்கு நேரடியாகப் படும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது இன்னொன்று. யூடிஎஃப்-8 கணக்கில் முதலாவது ஆறு பைட், இரண்டாவது ஒன்பது பைட். திரையில் இரண்டும் ஒரே ‘கோ’. எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது; எந்த வடிவில் கேட்டாலும் பிரித்துப் பார்த்து உரியதை எடுத்துக் கொடுத்தது. முதலில் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த பைட்டுகளை அப்படியே பெயராகக் கொண்டது. அதன்படி ‘கோவில்’ என்ற கோப்பை ஒன்றுசேர்ந்த வடிவில் கேட்டால், பிரித்த வடிவில் இருக்கும் ‘கோவில்’ கிடைக்காமல் போக வழியுண்டு. கோப்பு இருக்கிறது, கட்டங்கள் இருக்கின்றன, பெயரின் பைட்டுகள்கூடப் பத்திரம். எப்படி எழுதிக் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்கும் அந்தப் பழக்கம் மட்டும் கைமாறவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள். சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதே என் வாதத்துக்குச் சான்று. பொருளும் தப்பித்தது, பதிவும் தப்பித்தது. அப்போதும் ‘அதுவே’ என்று சொல்ல முடியாத ஒரு குறை மீந்தது.

இதற்கு முதல் மறுப்பு இப்படி வரும்: முழு ஒப்படைப்பு என்பது எங்குமே நடக்காதே, பிறகு எதையும் ‘அதுவே’ என்று சொல்லக் கூடாதா? பழைய ஃபேட் முறைமையிலிருந்து விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-க்கு மாறுவதைப் பாருங்கள். ஃபேட் பதிவேட்டில் ஒரு கோப்பு யாருக்குச் சொந்தம் என்ற இடமே கிடையாது. என்டிஎஃப்எஸ் அதைக் கேட்கிறது. கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரத்தை ஃபேட் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். என்டிஎஃப்எஸ் ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி இடம் வைத்திருக்கிறது. புதிய படிவத்தில் பழையவருக்குக் கேட்கப்படாத கேள்விகள் இருக்கின்றன. இது உண்மைதான். ஆனால் இதிலிருந்து ஒப்படைப்பு பொய் என்று ஆகாது. ஒப்படைப்பில் நாணயம் என்றால் என்ன என்பதுதான் தெரிகிறது. பழையது அறியாததைப் புதியது அறிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பிடிஆர்எஃப்எஸ் இதில் இன்னும் நுட்பமான பொறி ஒன்றை வைத்திருக்கிறது. அது ஒவ்வொரு தரவுக் கட்டத்துக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை எழுதுகிறது. பிற்பாடு கட்டம் கெட்டால் எண் பொருந்தாது, குட்டு வெளிப்படும். எக்ஸ்ட்4-இல் தரவுக்கு அப்படி எண் இல்லை. ஆகவே மாற்றும்போது அன்றைக்கு இருக்கும் தரவைப் படித்துத்தான் எண் போட வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய மாதமே ஒரு படம் கெட்டிருந்தால், கெட்ட படத்துக்குச் செம்மையான முத்திரை விழும். ‘இன்றுமுதல் நான் பொறுப்பு’ என்று சொல்ல அந்த முத்திரைக்கு உரிமை உண்டு. ‘என்றுமே இது சரியாக இருந்தது’ என்று சொல்ல உரிமை இல்லை. புதுக் கொள்கைக்கு மாறிய மனிதர் தன் பழைய வாழ்வு முழுவதையும் புதிய சொற்களால் விளக்கி நியாயப்படுத்தத் தொடங்கும்போது செய்வது இந்தப் பிழையைத்தான்.

இரண்டாவது மறுப்பு: பதிவேடு மனிதர் வைத்த வழக்கு, வழக்கு மாறினால் பொருளுக்கு என்ன வந்தது? வட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அதே கட்டங்கள் எக்ஸ்ட்4-இன் கீழ் இருந்தபோது சத்தமில்லாமல் கெடலாம். பிடிஆர்எஃப்எஸ்-இன் கீழ் கெட்டால் தெரிந்துவிடும். வழக்கு என்று நாம் அலட்சியமாகச் சொல்வதுதான் எது கிடைக்கும், எது கிடைக்காது, எது காப்பாற்றப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. மனிதரிடத்தில் இது இன்னும் கடுமையானது. 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த அம்பேத்கர், 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். ஊர் திரும்பியபின் அவர்கள் அதே வீட்டில்தான் எழுந்தார்கள், அதே வேலைக்குத்தான் போனார்கள். என்ன மாறியது என்று கேட்டவர்கள் உண்டு. மாறியது அவர்களை இன்ன இடம் என்று குறித்திருந்த பதிவேடு. அம்பேத்கர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் பல, பழைய தெய்வங்களையும் சடங்குகளையும் இனி ஏற்பதில்லை என்ற விடுப்புகள். ஊரோ பழைய பதிவேட்டை வைத்துத்தான் அவர்களை வாசித்தது. மத்திய அரசின் பட்டியல் சாதியினர் ஆணை அவர்களைப் பௌத்தர் என்று வாசித்து வெளியே நிறுத்தியது. 1990-இல் செய்த திருத்தம்தான் அவர்களை உள்ளே சேர்த்தது. ஒரே மனிதர்மேல் இரண்டு பதிவேடுகள், ஒன்று கேட்பதற்கு மற்றது பதில் தராத நிலையில், 34 ஆண்டுகள் இருந்தன. பதிவேடு வெறும் வழக்கு என்பதை, அந்த வழக்கால் வாசலில் நிறுத்தப்பட்டவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது. திரும்பிப் போக முடியுமானால், நடந்தது மாற்றமே இல்லையே? பிடிஆர்எஃப்எஸ்-கன்வெர்ட்டில் அதற்கும் வழி இருக்கிறது. சேமித்து வைத்த பழைய உருவைத் தொடாமல் வைத்திருந்தால், ஒரே கட்டளையில் வட்டு மறுபடி எக்ஸ்ட்4 ஆகிவிடும். ஆனால் திரும்பி வருவது எது என்று பார்க்க வேண்டும். மாற்றிய நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே வருகிறது. அதன்பின் எழுதியவை எல்லாம் போய்விடும். நேற்று எழுதிய கடிதத்தை அந்த வட்டிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. பிட்டுக்குப் பிட்டு பழையதை ஒத்திருக்கும் அந்த வட்டு, ‘அதுவே’ என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை உண்மையில் இழந்திருக்கிறது. இடைக்காலத்துக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. இதன் எதிரே சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் திருநாவுக்கரசரை வைத்துப் பார்க்கலாம். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர் சமணத்தில் சேர்ந்து தருமசேனராகிறார். சூலை நோயால் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருவதிகையில் சைவத்துக்குத் திரும்புகிறார். மேலோட்டமாக இது அந்தக் கட்டளையைப் போலத் தோன்றும். ஆனால் திரும்பியவர் மருள்நீக்கியாராகத் திரும்பவில்லை. தருமசேனராக இருந்த ஆண்டுகளை அவர் பாடல்கள் மறைக்கவில்லை. வருத்தத்தோடு மீண்டும் மீண்டும் ஒப்புக்கொள்கின்றன. அங்கே பெற்ற கல்வியும் அவரோடு வந்தது. இடைப்பட்ட காலத்தையும் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டதால்தான் மூன்று பெயர்களுக்கும் ஆள் ஒருவர் என்று நாம் சொல்ல முடிகிறது. மனிதருக்கு வந்த வழியே திரும்புவது என்பது இல்லை. திரும்புதல் என்று நாம் சொல்வதும் இருந்த இடத்திலேயே நடக்கும் இன்னொரு மாற்றம்.

இனிப் பழைய உருவை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். மாற்றம் சரியாக அமைந்தது என்று தெரிந்தபின் எக்ஸ்ட்2_சேவ்டு உட்பிரிவை அழித்துவிடலாம் என்பது அந்தக் கருவியைப் பயன்படுத்துவோருக்குச் சொல்லப்படும் யோசனை. அழிக்கும்போது நடப்பது கவனிக்க வேண்டியது. பழைய உருவும் புதிய கோப்புகளும் பங்கிட்டுக்கொண்ட கட்டங்கள் அழிவதில்லை. அவற்றைப் புதிய பதிவேடு இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது. பழையது மட்டுமே சுட்டிக்கொண்டிருந்த கட்டங்கள்தான் விடுபடுகின்றன. ஒப்படைப்பு முழுமையாக நடந்திருந்தால், திரும்பும் வழி ஒன்றைத் தவிர வேறு எதுவும் குறையாது. ஏதாவது கைமாறாமல் விடுபட்டிருந்தால் அன்றைக்குத்தான் அது நிஜமாகத் தொலையும். கொள்கை மாறியவரோ குலம் மாறியவரோ பழையதை இறுதியாக விடத் தயங்கினால், அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. பட்டியல் இன்னும் முடியவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. அதற்காக எந்நாளும் பழைய உருவைச் சுமந்துகொண்டிருக்கவும் முடியாது. புதிதாக எழுத எழுத அந்த உருவும் இப்போதைய வட்டும் விலகிக்கொண்டே போகும், பிடித்து வைத்திருக்கும் இடமும் கூடிக்கொண்டே போகும். செய்யக்கூடியது ஒன்றே. பழைய பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்: படம், கணக்கு, பாதியில் நிற்கும் கதை. எல்லாம் ஏன் என்று கேட்டால், அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிடலாம்.